உறுத்தாத ஒட்டுத் துணி!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, ஜாக்கெட் தைத்து மிஞ்சும் துண்டுத் துணிகளைத் தலையணைக்குள் அடைத்து விடலாம் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கால்மிதி பின்னலாம் என்றார். இரண்டும் நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால், அதே துண்டுகளைச் சேர்த்து உடம்பில் போட்டுக் கொள்கிற துணியே தைக்கலாம், அதுவும் கடை நைட்டியை விட சுகமாகத் தைக்கலாம் என்று சொன்னால், முகத்தைச் சுளிக்கிறார்கள். 'ஐயே, ஒட்டுப் போட்ட துணியா?' என்கிறார்கள். அந்தச் சுளிப்பு எங்கள் வீட்டிலும் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு அவிநாசி. கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கைமடிக்கச் சேர்ந்து, கடைசி இரண்டு வருஷம் சிங்கர் மிஷினில் உட்கார்ந்தேன். (எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும், நேர்த் தையல் போடுகிற மிஷினுக்கு எங்கள் பக்கம் 'சிங்கர்' என்றுதான் பேர்!) கல்யாணமாகி வந்த பிறகு வீட்டில் ஒரு மிதி மிஷின். ஜாக்கெட், பாவாடை, பிள்ளைகளுக்கு ஃபிராக் என்று அவ்வளவுதான் என் தையல்.

திருப்பூரில் பழகியவர்களுக்கு வேஸ்ட் துணி புதிதல்ல. கட்டிங் டேபிளில் விழும் துண்டுகளை மூட்டையாகக் கட்டி வேஸ்ட் கடைக்குப் போட்டு விடுவார்கள். அங்கே நிறம் பிரித்து, வெள்ளை தனி, கலர் தனி என்று கிலோ கணக்கில் விற்பார்கள். அதைப் பஞ்சாக்கித் திரும்ப நூலாக்கும் மில்கள் உண்டு. ஒர்க் ஷாப்பில் எண்ணெய் துடைக்கவும் வாங்குவார்கள். வெறும் குப்பைக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் கை அகலத் துணி எண்ணெய் துடைக்கப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன பாடு படுத்தியது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி சாயப் பட்டறைகளையே மூட வைத்தார்கள். அவ்வளவு விலை கொடுத்துச் சாயம் ஏறிய துணியை ஒரு தடவை கூட யாரும் உடுத்தாமல் விடுவதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2021 மார்ச்சில் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்து விட்டது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்து விட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கிளம்பும்போது அங்கிருந்த நர்ஸம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இன்னொன்று, முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் துணி மடிப்போ, தடித்த தையலோ, பட்டனோ வரக் கூடாது, ஈரமும் நிற்கக் கூடாது. 'புண்ணு வந்துட்டா ஆத்தறது பெரும்பாடும்மா' என்றார்.

வீட்டில் அத்தைக்கு இருந்தது மூன்று நைட்டி. மூன்றும் பாலியஸ்டர் கலந்தவை, முன்னால் ஜிப், கழுத்தைச் சுற்றி ஃபிரில். நல்லா இருந்த காலத்தில் அவருக்கு அது ஒரு தொந்தரவாகத் தெரியவில்லை. படுத்த பிறகு வியர்வையை உறிஞ்சாமல் முதுகோடு ஒட்டிக் கொண்டது. தலை வழியாகப் போட வேண்டும் என்பதால், விழுந்த கையைத் தூக்கும் போதெல்லாம் வலியில் கத்துவார். மே மாதம் கத்திரி வெயிலில் முதுகெல்லாம் சிவந்து விட்டது. புதிதாக வாங்கலாம் என்றால் முழு ஊரடங்கு. ஜவுளிக் கடை எல்லாம் சாத்திக் கிடந்தது. கையில் இருந்தது மிஷினும், பரணில் இருந்த துணி மூட்டையும்தான்.

மூட்டையில் என்ன இருந்தது? காலமான மாமனாரின் எட்டு முழ வேட்டி இரண்டு, காட்டன் லுங்கி மூன்று, என் சுங்குடிச் சேலை ஒன்று, ஜாக்கெட் தைத்து மிஞ்சிய வாயில் துண்டுகள். பத்து வருஷம் துவைத்த லுங்கியின் மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது. பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடாமல், பெரியவர்கள் கட்டிப் பழசான வேட்டியைக் கிழித்துப் போடுகிறோமே, அந்தக் காரணம்தான். பச்சைப் பிள்ளைக்குச் சரியென்று படுவது, படுத்திருக்கும் பெரியவருக்கு மட்டும் ஏன் கௌரவக் குறைச்சலாகிறது என்பது எனக்கு இன்னமும் புரியவில்லை.

முதல் வேலை பிரிப்பது. பனியன் துணி தனி, நெய்த துணி தனி. பனியன் துணி இழுத்தால் நீளும், நெய்தது நீளாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால், நாலு துவைப்பில் ஒன்று தொங்கும், ஒன்று சுருக்கும். கனமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். லுங்கியோடு வாயில் சேரும், ஜீன்ஸ் துண்டு சேராது.

காட்டன்தானா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, ஸிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் மாதிரி எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறினதும் கெட்டியான மணி போல நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அதைக் கால்மிதிக்கே கொடுத்து விடுங்கள்!

பிறகு, வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துண்டையும் ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்துத் துவைத்து விட வேண்டும். புதுக் காட்டன் சுருங்கும், சாயம் போகும். தைத்த பிறகு சுருங்கினால் அந்த ஒரு கட்டம் மட்டும் பக்கத்துத் துணியை இழுத்து, சுருக்கம் விழுந்து, அதுவே உடம்பில் உறுத்தும். அலசுகிற தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். பழந்துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். சேலை, வேட்டியில் உட்காருகிற இடமும், காலில் தட்டுகிற ஓரமும்தான் முதலில் நைந்து போகும். நூல் விலகித் தெரிகிற இடத்தை இரக்கமில்லாமல் கழித்து விடுங்கள்.

இன்னொன்று, பாவு, ஊடை பார்ப்பது. கரை இருந்தால் சுலபம், கரையோடு நீளமாக ஓடுகிற நூல்தான் பாவு. கரை இல்லாத துண்டை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். குறைவாக நீளுகிற பக்கம்தான் பாவு. எல்லாத் துண்டிலும் பாவு மேலிருந்து கீழாக வருகிற மாதிரி அடுக்க வேண்டும். பூ டிசைன் அழகாக வருகிறதே என்று ஒரு துண்டைக் கோணலாக வைத்தால், அந்த இடம் மட்டும் தொய்ந்து கிடக்கும். கலர் பொருத்தம் பார்க்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

அத்தைக்குத் தைத்த கணக்கைச் சொல்கிறேன். அவர் மெலிந்த உடம்பு. முன்பக்கத்துக்கு 30 அங்குல அகலம், 48 அங்குல நீளம் வைத்துக் கொண்டேன். தைத்து முடித்த பின் ஒரு கட்டம் 6 அங்குலம். அகலத்துக்கு 5, நீளத்துக்கு 8 வரிசை. தையலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் சேர்த்து ஒவ்வொரு துண்டும் 7 அங்குலம் வெட்டினேன். கட்டம் கட்டமாக நேருக்கு நேர் அடுக்கவில்லை. நாலு மூலை ஒன்றுசேரும் இடத்தில் துணி மேல் துணியாக ஏறிப் புளியங்கொட்டை மாதிரி முண்டு விழும். செங்கல் அடுக்குகிற மாதிரி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பாதி தள்ளி வைத்தால் அந்த முண்டு பாதியாகக் குறையும். தள்ளி வருகிற வரிசையில் நாலு முழுத் துண்டு, இரண்டு ஓரத்திலும் அரைத் துண்டு. அரைத் துண்டின் அகலம் 4 அங்குலம் வெட்ட வேண்டும், 3 அல்ல. தையலுக்கு உள்ள ஒரு அங்குலத்தை மறந்து விடாதீர்கள்.

இரண்டு துண்டைச் சேர்த்து அரை அங்குலத்தில் ஒரு தையல். பிறகு உள்ளே நிற்கிற இரண்டு ஓரத்தில் ஒன்றை மட்டும் பாதியாகக் கத்தரித்து, நீளமான ஓரத்தை அதன் மேல் மடக்கி, பிசிறை உள்ளே சொருகி, படிய வைத்து இன்னொரு தையல். ஆண்கள் சட்டையின் பக்கவாட்டில் பாருங்கள், இந்தத் தையல் இருக்கும். பிசிறு வெளியே வராது, ஓவர்லாக் வேண்டாம். எல்லோரும் மடக்கிய பக்கத்தை உள்ளே வைப்பார்கள். நான் வெளியே வைத்தேன். பார்க்கிறவர்களுக்குத்தான் தடிப்பு தெரியும், உடம்புக்குத் தெரியாது. மெல்லிய காட்டனுக்கு 14-ம் நம்பர் ஊசி போதும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழுகிற மாதிரி வைத்துக் கொண்டேன். அதைவிட நெருக்கினால் பழந்துணி தையல் ஓரத்திலேயே கிழியும்.

இப்படி எல்லாவற்றையும் சேர்த்து முதலில் ஒரே துணியாக்கி விட்டு, அதன் பிறகுதான் கழுத்து, கை வடிவம் வெட்ட வேண்டும். முன்பக்கம் மட்டும்தான் ஒட்டு. பின்பக்கத்துக்கு ஒட்டே கூடாது. மாமனாரின் வேட்டியில் கட்டுமரமாக இருந்த பகுதியை இரண்டு இதழாக வெட்டினேன். மடிப்பெல்லாம் போக ஒவ்வொன்றும் 18 அங்குலம். உட்கார வைக்கும் போது ஒன்றின் மேல் ஒன்று 6 அங்குலம் ஏறி முதுகை மூடும். படுக்க வைக்கும் போது இரண்டு இதழையும் இரண்டு பக்கமும் விலக்கி விட்டால், முதுகுக்கு அடியில் படுக்கை விரிப்பைத் தவிர வேறு துணியே இருக்காது! நாடாவைப் பிடரியில் வைக்காமல், இடது தோளின் முன்பக்கம் வந்து முடிச்சு விழுகிற மாதிரி வைத்தேன். வலது கை மட்டும் கழுத்திலிருந்து கை முனை வரை மேலே திறப்பு, மூன்று இடத்தில் நாடா. கையைத் தூக்கவே வேண்டாம். துணியைப் போர்த்தி முடிச்சுப் போட்டால் முடிந்தது.

சாதாரணச் சட்டையோ நைட்டியோ போட்டு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போடும் போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும் போது நல்ல கையை முதலில் எடுத்து விட்டு, விழுந்த கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை வீட்டில் அந்தக் கையை முறுக்குகிறார்களோ.

துணி தயார். ஆனால் அத்தை போட்டுக் கொள்ள மாட்டேன் என்று விட்டார். பேச்சு குழறும், ஆனால் அன்றைக்குச் சொன்னது தெளிவாகவே கேட்டது. 'ஏஞ்சாமி, ஒட்டுத் துணி போடற அளவுக்கா நாம போயிட்டோம்?'

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து தைத்தது. அப்புறம்தான் துண்டு துண்டாக அவர் சொன்னதைக் கோர்த்துப் பார்த்தேன். அவருக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு சீர் வீட்டுக்கு ஒட்டுப் போட்ட பாவாடையோடு போயிருக்கிறார். பந்தியில் உட்கார்ந்தவரை யாரோ எழுப்பி, கடைசிப் பந்திக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக, பிள்ளைகளிடம் கூடச் சொல்லாத விஷயம். இருபத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்த எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அவர் மறுத்ததில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் தோன்றியது. வற்புறுத்தவில்லை. துணியை மடித்துக் கட்டில் ஓரத்தில், அவர் இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்து விட்டு அடுப்படிக்குப் போய் விட்டேன்.

சாயங்காலம் வந்து பார்க்கும் போது, பிரித்து மடியில் போட்டுக் கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் தடவிக் கொண்டிருந்தார். பச்சைக் கட்டம் போட்ட துண்டில் விரல் நின்றது. 'இது உங்க மாமன் சந்தைக்குக் கட்டீட்டுப் போற லுங்கியல்லொ?' என்றார். ஆமாம் அத்தை என்றேன். 'இது?' என் சுங்குடி. 'இது?' பேத்தியின் ஜாக்கெட் துண்டு. ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு முடித்து விட்டு, 'பொழுதுக்கும் வேண்டாம், ராத்திரிக்கு மட்டும் போட்டு உடு' என்றார். நாலே நாளில் பகலுக்கும் அதுதான்.

என் நாத்தனார் மட்டும் கடைசி வரை சம்மதிக்கவில்லை. 'அம்மாளுக்கு ஒரு புது நைட்டி வாங்கித் தர வக்கில்லையான்னு ஊர்ல கேப்பாங்க' என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, பார்க்க வருகிற வாயை நாம் தைக்க முடியாதே! அதனால் யாராவது வருகிற நாளில் நெஞ்சு வரை ஒரு ஈரிழைத் துண்டைப் போர்த்தி விடுவேன். அவருக்கும் திருப்தி, அத்தைக்கும் சுகம்.

இதில் ஒரு வேடிக்கை. இப்போது பெரிய கடைகளில் 'பேட்ச் ஒர்க்' என்று, ஒட்டுப் போட்டது போல அச்சடித்த குர்த்தி விற்கிறார்கள். முழுத் துணியில் ஒட்டுப் படம்! அதை வாங்கிப் போட்டுக் கொண்டு வந்த உறவுக்காரப் பெண்தான் எங்கள் நைட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

ஒட்டுத் துணி என்பது இல்லாமையின் அடையாளம் மட்டும் என்று நினைத்தால், புத்த பிக்குகளின் காவியைப் பாருங்கள். துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்துத் தைத்தால்தான் அது சீவரம். மகத நாட்டு வயல்களின் வரப்பைக் காட்டி, இந்த மாதிரி தைக்கச் சொல்லி புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக விநய நூல்களில் வருகிறது. பக்கத்துக் கர்நாடகத்தில், எல்லாப்பூர், ஹளியால் காட்டுப் பக்கம் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளைச் சேர்த்து 'கவந்தி' என்று போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்களாம். நாலு மூலையிலும் 'பூ' என்று ஒரு சின்னத் துணியை வைத்துத் தைத்தால்தான் அது முழுமை. அத்தையிடம் இதைச் சொன்ன போது, அடுத்த நைட்டியில் ஒரு மூலையில் பூ வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மொத்தம் ஏழு நைட்டி தைத்தேன். நாலு மாற்றி மாற்றிப் போட, இரண்டு காய, ஒன்று கைவசம். முதுகுச் சிவப்பு இரண்டு வாரத்தில் அடங்கியது. துணியால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரரும் நானும் ராத்திரியில் அலாரம் வைத்துத் திருப்பிப் படுக்க வைத்ததும் சேர்ந்துதான். அத்தை 2023 தை மாதம் போய்ச் சேர்ந்தார். புண் இல்லாமல் போனார்.

கைக்குழந்தை வீட்டுக்குத் தைக்கிறவர்களுக்குப் பனியன் துண்டுதான் நல்லது. சிங்கிள் ஜெர்சி துண்டுகளில் ஜபலா உடம்பு, ரிப் துண்டில் கழுத்துப் பட்டி. பந்து முனை ஊசி என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண ஊசி பனியன் துணியில் நூலை அறுத்து ஓட்டை போடும். ஜிக்ஜாக் இல்லாத மிஷின் என்றால், துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள், பிறகு போடும் போது நூல் படக்கென்று அறாது. பட்டன், பாசி எதுவும் வேண்டாம், பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக் கொள்ளும். பக்கவாட்டில் குட்டி நாடா போதும். தையல் ஓரம் இங்கும் வெளியேதான்.

அத்தையின் ஏழு நைட்டியில் ஐந்தை, கேட்டவர்கள் வாங்கிக் கொண்டு போனார்கள். எதிர்த் தெருவில் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு ஆயாவுக்கு ஒன்று. இப்போது மாதத்துக்கு இரண்டு, மூன்று பேர் கேட்டு வருகிறார்கள். துணி அவர்களுடையது, எனக்குத் தையல் கூலி மட்டும். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'அவங்க வீட்டுப் பழைய துணி இருக்குதுங்களா?' என்றுதான். புதுத் துணியைத் துண்டாக்கித் தரச் சொன்னால் தைப்பதில்லை.

அளவெடுக்க ஆளைத் தூக்கி உட்கார வைக்க வேண்டாம். அவர் நன்றாக இருந்த போது போட்ட சட்டையோ நைட்டியோ ஒன்று கொண்டு வந்தால் போதும். படுத்த பின் உடம்பு இளைத்திருந்தாலும் அந்த அளவைக் குறைக்காதீர்கள். அகலம் 2 அங்குலம் கூடவே இருக்கட்டும், புரட்டிப் படுக்க வைக்கும் போது இழுத்துப் பிடிக்காது. நீளம் மட்டும் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றால் சரி.

- ஒரு வாசகி, அவிநாசி.